திரட்டிய பணம் யாருடையது?

வியாழக்கிழமை மாலையில் பெங்களூரு விவேக் நகர் வழியே சென்ற எவரும், குழந்தை இயேசு ஆலயத்தை நோக்கி நடக்கும் மக்கள் வெள்ளத்தைக் காணாதிருக்க இயலாது. தமிழும் கன்னடமும் மலையாளமும் ஒருசேர ஒலிக்கும் இத்தகைய பகுதிகளில் அமைதியாக நடைபெறும் வேறொரு கூட்டமும் உண்டு. உணவக மாடியிலோ பள்ளி அரங்கிலோ முப்பது நாற்பது பேர் கூடுவர். மணியோசையுடன் கூட்டம் தொடங்கும். விருந்தினர் ஒருவர் பேசுவார். நன்றியுரை முடிந்ததும் உணவு பரிமாறப்படும். நகரெங்கும் நிகழும் சேவைச் சங்கக் கூட்டங்களின் பொதுவான வடிவம் இதுவே. நம் வாடிக்கையாளர் பலர் இத்தகைய சங்கங்களில் பொறுப்பு வகிக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பொறுப்பேற்ற பிறகே வங்கிக் கணக்கைப் பற்றி எண்ணத் தொடங்குகின்றனர்.

அவ்வாறு எண்ணத் தொடங்கும்போது ஒரு வினாவை முதலில் எழுப்பிக்கொள்ளுதல் நலம். நற்பணி ஒன்றைச் சொல்லி ஊராரிடம் திரட்டிய பணம் யாருடையது? சங்கத்தின் பெயரில் இருப்பதால் சங்கத்தினுடையது என்பது எளிதில் தோன்றும் விடை. அவ்விடை முற்றிலும் சரியன்று என்பதே இக்கட்டுரையில் நாம் விளக்க விரும்புவது.

முதலில் சிறிது வரலாறு. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் ஒரு நிலக்கரி வணிகர், ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையற்கடை உரிமையாளர் ஆகிய மூவரோடு கூடிப் பேசினார். உறுப்பினர்களின் அலுவலகங்களில் மாறி மாறிக் கூடியதால் அவர்கள் சங்கத்திற்கு ரோட்டரி என்று பெயர் அமைந்தது. தொடக்கத்தில் அது நட்பிற்கும் ஒருவர்க்கொருவர் தொழில் துணைக்குமான கூட்டமே. 1907இல் சிகாகோ நகரில் பொதுக் கழிப்பறைகள் அமைக்க வேண்டும் என்ற முயற்சியை அச்சங்கம் கையில் எடுத்தபோதுதான் அதற்குச் சேவை முகம் வாய்த்தது. உலகப் புகழ்பெற்ற ஓர் இயக்கத்தின் முதல் பொதுப்பணி கழிப்பறை என்பதை இன்றைய சங்கத்தினர் பலர் மேடையில் சொல்லத் தயங்குவர். தயங்க வேண்டியதில்லை, அந்நகருக்கு அன்று அது தேவையாயிருந்தது.

அரிமா சங்கம் 1917இல் அதே சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்னும் காப்பீட்டு முகவரின் முயற்சியால் உருவாயிற்று. அவ்வாண்டு டாலஸ் நகரில் கூடிய அதன் முதல் மாநாடு, உறுப்பினர்களின் பண ஆதாயத்தை எச்சங்கமும் தன் நோக்கமாகக் கொள்ளலாகாது என்று விதி வகுத்தது. நம் வினாவிற்கான விடையின் வேர் அவ்விதியில் இருக்கிறது. இந்தியாவில் ரோட்டரி 1920இல் கல்கத்தாவிலும், 1929இல் சென்னையிலும், 1934இல் பெங்களூருவிலும் நிலைபெற்றது. அரிமா இயக்கம் 1956இல் மும்பையில் கால் ஊன்றியது. பெண்களை உறுப்பினராக ஏற்க இவ்விரு இயக்கங்களுக்கும் 1980களின் பிற்பகுதி வரை ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டு கணக்குகள்

அரிமா இயக்கத்தின் நிதி விதி மிகத் தெளிவானது. உறுப்பினர் சந்தா ஒரு கணக்கில் சேர வேண்டும். பொதுமக்களிடம் திரட்டியது வேறொரு கணக்கில் சேர வேண்டும். கூட்டச் செலவு, உணவு, அஞ்சல், பதவியேற்பு விழா ஆகியவை சந்தாக் கணக்கிலிருந்தே செல்ல வேண்டும். பொதுமக்களிடம் பெற்றது பொதுமக்களுக்கே திரும்ப வேண்டும். நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு நேரடியாக ஆன செலவை மட்டும் அந்நிகழ்ச்சியின் வரவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ரோட்டரியின் மாதிரித் துணைவிதிகளும் சங்க நிதியை நிர்வாகம், சேவைப் பணி என இரு கூறாகப் பிரிக்கச் சொல்கின்றன. ஆக, சங்கம் இரண்டாம் கணக்கின் உரிமையாளர் அன்று, காப்பாளர் மட்டுமே.

இவ்விதி நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் காண்போம். விவேக் நகரில் 40 உறுப்பினர் கொண்ட சங்கம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அருகிலுள்ள ஓர் அரசுப் பள்ளியின் கழிப்பறைகளைச் சீரமைக்க அது மெல்லிசை மாலை ஒன்றை நடத்துகிறது. 500 ரூபாய் நுழைவுச் சீட்டு 400 விற்றதில் 2,00,000 ரூபாய் வரவு. விழா மலர் விளம்பரங்களில் 1,50,000. மொத்தம் 3,50,000. மேடையில் தலைவர், “மூன்றரை இலட்சம் திரட்டினோம்” என்று அறிவிக்கிறார், அரங்கம் கைதட்டுகிறது.

இனிச் செலவைப் பார்ப்போம். அரங்க வாடகை 60,000. இசைக் குழுவிற்கு 80,000. ஒலி, ஒளி அமைப்பிற்கு 35,000. அச்சுச் செலவு 10,000. உணவு 45,000. கூட்டினால் 2,30,000. பள்ளிக்கு எஞ்சுவது 1,20,000 ரூபாய். சீட்டு வாங்கியவர் தந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறத்தாழ 34 ரூபாயே கழிப்பறைக்குச் செல்கிறது.

இதில் தவறு ஏதும் நிகழவில்லை. ஆயினும் நல்ல பொருளாளர் ஒருவர் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்பார்: உணவுச் செலவு 45,000 என்கிறீர்களே, உண்டவர் யார்? இசைக் கலைஞர்களுக்கும் உதவியாளர்களுக்கும் ஆனது 15,000. எஞ்சிய 30,000 உறுப்பினர் குடும்பங்களின் விருந்து. அப்படியாயின் அந்த 30,000 சந்தாக் கணக்கில் எழுதப்பட வேண்டும். எழுதிய மாத்திரத்தில் பள்ளிக்குச் செல்லும் தொகை 1,50,000 ஆகிறது. ஒரு வரி இடம் மாறியதில் பள்ளிக்கு 30,000 ரூபாய் கிடைத்தது. இக்கேள்வியைக் கேட்கும் பொருளாளரை உறுப்பினர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை என்பதும் நாம் அறிந்ததே.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 40 உறுப்பினரும் ஆளுக்கு 3,000 ரூபாய் நேரே தந்திருந்தால், இசைக் குழு இல்லாமலே அதே 1,20,000 ரூபாய் சேர்ந்திருக்கும். பின் எதற்கு இத்தனை ஆரவாரம்? இக்கேள்விக்கு நேர்மையான விடையும் உண்டு. சீட்டு வாங்கிய நானூறு பேரும் அப்பள்ளியின் நிலையை அறிகின்றனர். அவர்களுள் சிலர் அடுத்த ஆண்டு தாமாகவே உதவ முன்வரலாம். அவ்விளைவு நிகழ வேண்டுமாயின், மேடையில் பள்ளியைப் பற்றிப் பத்து நிமிடமேனும் பேசப்பட வேண்டும். பாட்டுக்கும் பொன்னாடைக்குமே நேரம் போய்விட்டால், அம்மாலை வெறும் கேளிக்கை. எனவே நிகழ்ச்சி நடத்தலாமா, நேரே தொகை பிரிக்கலாமா என்பதை இயக்குநர் குழு உத்தேசக் கணக்குடன் முன்னரே ஆராய்ந்து, முடிவைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்பது நம் கருத்து.

தமிழர்க்கு இக்கணக்கு நெறி அந்நியமானதன்று. தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணியிலும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும் ஆடி, ஆவணி மாதங்களில் நடைபெறும் மொய் விருந்தை எண்ணிப் பாருங்கள். கறிவிருந்து உண்டு எழுந்தவர் மொய் எழுதும் இடத்திற்குச் செல்வார். அவர் பெயர், ஊர், தொகை மூன்றும் பலர் அறிய ஏட்டில் ஏறும். பத்து ரூபாய் தந்தவர் பெயரும் விடுபடாது. மொய் திருப்பித் தரவேண்டிய கடன், நன்கொடை அவ்வாறன்று. திரும்பக் கேட்கப்படாத பணம் என்பதால் நன்கொடைக்கு ஏடு தளர்வாக இருக்கலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறு. மொய் தந்தவர் தம் வீட்டு விழாவில் வந்து கேட்பார். நன்கொடை தந்தவர் வந்து கேட்க மாட்டார். அவருக்காகக் கேட்க ஏடு ஒன்றுதான் உண்டு.

பேச வந்தவர்

விருந்தினர் உரையைச் சங்கங்கள் பலவும் ஓர் அலங்காரமாகவே நடத்துகின்றன. இருபது நிமிட உரைக்கு முன் பத்து நிமிட அறிமுகம். பின்னர் நினைவுப் பரிசும் புகைப்படமும். அத்தோடு பேசியவர் மறக்கப்படுகிறார். ஆனால் ஓர் உரை ஓர் இயக்கத்தின் திசையையே மாற்றியதும் உண்டு. 1925 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சிடார் பாயிண்ட் என்னும் இடத்தில் கூடிய அரிமா மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். குழந்தைப் பருவத்திலேயே பார்வையும் செவியும் இழந்த அவர், இருளுக்கு எதிரான போரில் அரிமாக்கள் பார்வையற்றோரின் வீரர்களாக நிற்க வேண்டும் என்று வேண்டினார். அவ்வியக்கம் அதை ஏற்றது. நம் பெங்களூருவில் ஜே.சி. சாலையை அடுத்து அரிமா கண் மருத்துவமனை நிற்பதற்கும், சிற்றூர்களில் கண் சிகிச்சை முகாம் என்றவுடன் அரிமா சங்கத்தின் பெயர் நினைவுக்கு வருவதற்கும் தொடக்கம் அவ்வுரையே.

அவர் பேச்சில் நாம் கவனிக்க வேண்டியது, அவர் கேட்டது இன்னதென்று கேட்டோர்க்குத் தெளிவாக விளங்கியமையே. ஆகவே விருந்தினரை அழைக்கும் செயலர், அவரிடம் முன்னதாகவே ஒன்று கேட்டு வைக்கலாம்: உரையின் முடிவில் எங்கள் சங்கம் எதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறீர்கள்? பள்ளித் தலைமையாசிரியை வந்து, மாணவியர் எத்தனை பேர், கழிப்பறை எத்தனை, தண்ணீர் எந்நேரம் வருகிறது என்று சொல்லிச் சென்றால், அடுத்த வாரமே இயக்குநர் குழு தீர்மானம் எழுதலாம். வாழ்க்கையில் வெற்றி பெறுவது எப்படி என்னும் பொதுவான உரைக்குப் பின் எழுதுவதற்குத் தீர்மானம் எதுவும் இராது.

நம் நகரில் உரையும் தீர்மானமும் நிறுவனமாகவே வளர்ந்த எடுத்துக்காட்டும் உண்டு. 1984இல் தொடங்கிய பெங்களூர் மெடிக்கல் சர்வீசஸ் டிரஸ்டின் இரத்த மையம், ரோட்டரியின் பெயரையும் டி.டி.கே. குழுமத்தின் பெயரையும் ஒருங்கே தாங்கி நியூ திப்பசந்திராவில் இயங்குகிறது. சங்கத் தலைவர் ஆண்டுதோறும் மாறுவார். இரத்தத் தேவை மாறாது. எனவே நீடித்த பணி எதுவாயினும் அதற்கெனத் தனி அறக்கட்டளை நிறுவி அதனிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை.

சேர்த்த பணத்தின் அளவைக் கொண்டும் ஒரு சொல். 1917இல் ஆர்ச் கிளம்ப் என்பவர் ரோட்டரிக்கென ஒரு நிலைநிதி வேண்டும் என்று முன்மொழிந்தார். மறு ஆண்டு கான்சாஸ் சிட்டி சங்கம் தந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 செண்ட். 1985இல் போலியோ ஒழிப்புக்காக 12 கோடி டாலர் திரட்ட அவ்வியக்கம் உறுதி பூண்டது. 1988க்குள் திரண்டதோ 24 கோடியே 70 இலட்சம். இந்தியாவில் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவைப் போலியோ அற்ற வட்டாரமாக அறிவித்தது. அரசுகளும் எண்ணற்ற களப்பணியாளரும் சேர்ந்து செய்த பணி அது. ஆயினும் ஓர் உள்ளூர்ச் சங்கம் விற்ற சீட்டின் பணம் அவ்வளவு தொலைவு சென்று சேர்ந்தமைக்கு, இடையே ஒவ்வொரு படியிலும் கணக்கு இருந்ததே காரணம்.

வங்கியில் செய்ய வேண்டுவன

கணக்குத் தொடங்க வரும் சங்கம் பதிவு பெற்றிருத்தல் முதல் தேவை. கர்நாடகத்தில் 1960ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். பதிவு பெற்ற சங்கத்திற்குச் சேமிப்புக் கணக்கு அளிக்க ரிசர்வ் வங்கியின் நெறிகள் இடம் தருகின்றன. பதிவுச் சான்று, துணைவிதிகள், சங்கத்தின் பெயரிலுள்ள பான் அட்டை, கணக்குத் தொடங்குவதற்கான தீர்மானத்தின் நகல், கையொப்பமிடுவோரின் அடையாளச் சான்றுகள் ஆகியவை வேண்டும். இருவர் இணைந்தே கையொப்பமிட வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடுதல் நன்று. நம்பிக்கைக் குறைவால் இதனைச் சொல்லவில்லை. ஐயம் எழும் நாளில் தனியொருவர் மீது பழி விழாதிருக்க இது துணை செய்யும்.

தற்காலத்தில் பெரிதும் காணப்படும் பிழை ஒன்றைச் சற்று விரித்துரைக்க வேண்டும். மழை வெள்ளமோ அவசர மருத்துவ உதவியோ நேரும்போது, வாட்ஸ்அப் வேண்டுகோளில் பொருளாளரின் சொந்தக் கைபேசி எண்ணோ அவருடைய கியூ.ஆர். குறியீடோ பரிமாறப்படுகிறது. விரைவு கருதிச் செய்வதே எனினும், அப்பணம் சட்டத்தின் கண்ணில் அவருடையதாகவே தோன்றும். வருமான வரித் துறை விளக்கம் கேட்டால் அவரே விடை சொல்ல வேண்டும். அவர் கடன் தவணை அக்கணக்கிலிருந்தே பிடித்தம் ஆகலாம். அவர் திடீரென மறைந்தாலோ, அத்தொகை அவருடைய நியமனதாரர் கைக்குச் செல்லும். துயருற்ற குடும்பத்திடம் சென்று, “இதில் எண்பதாயிரம் சங்கத்தினுடையது” என்று சொல்லும் நிலை எவருக்கும் வர வேண்டாம். சங்கக் கணக்கிற்கே கியூ.ஆர். குறியீடு பெறலாம்; கிளையில் ஒரு விண்ணப்பம் போதும்.

வரிச்சலுகை பற்றியும் தெளிவு வேண்டும். 80ஜி என்று நாம் பழகியிருக்கும் சலுகை, அதற்கெனத் துறையின் ஒப்புதல் பெற்ற அமைப்பிற்குத் தரும் நன்கொடைக்கே உண்டு. சங்கத்திடம் அவ்வொப்புதல் இல்லாது, அதன் அறக்கட்டளையிடம் மட்டும் இருப்பது பெருவழக்கு. காசோலை எப்பெயரில் எழுதப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்திற்குச் சலுகை இல்லை. அரிசியாகவோ போர்வையாகவோ தந்ததற்கும் இல்லை. மெல்லிசை மாலைக்கு வாங்கிய சீட்டும் நன்கொடை ஆகாது. பாட்டுக் கேட்டீர்கள் அல்லவா? புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கு இச்சலுகை கிடைப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது பின்னர் வரும் மனவருத்தத்தைத் தவிர்க்கும். நன்கொடை பெற்ற அமைப்பு, நிதியாண்டு முடிந்தபின் மே 31க்குள் நன்கொடையாளர் விவரத்தைத் துறையிடம் பதிந்து, ஒவ்வொருவருக்கும் சான்றிதழ் வழங்க வேண்டும். 2025ஆம் ஆண்டுப் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால், படிவ எண்களைத் தணிக்கையாளரிடம் உறுதி செய்துகொள்க.

வெளிநாட்டு உறவினர் பணம் அனுப்ப விரும்பினால் அவருடைய கடவுச்சீட்டு எந்நாட்டினது என்று கேளுங்கள். துபாயில் பணிபுரியும் இந்தியக் குடிமகன் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையே. பிறப்பால் தமிழர் என்பது இங்கே கணக்கில் வாராது. அதனைப் பெற உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். தொகையும் புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கெனத் தொடங்கிய கணக்கிலேயே முதலில் சேர வேண்டும்.

இறுதியாக, நாட்காட்டி. அரசின் நிதியாண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்குகிறது. ரோட்டரி, அரிமா இயக்கங்களின் ஆண்டோ ஜூலை முதல் நாள் தொடங்குகிறது. இந்த மூன்று மாத இடைவெளியில் விளையும் இன்னல் சிறிதன்று. மார்ச் வரையிலான வரவு செலவுக்குக் கணக்கு முடிப்பவர் ஒருவர். ஜூலையில் பொறுப்பேற்பவர் வேறொருவர். பதவியேற்பு விழா சிறப்பாக நடந்தேறும். வங்கியில் கையொப்பம் மாற்றுவதை மட்டும் மறந்துவிடுவர். புதிய தலைவர் ஆகஸ்டில் பள்ளிக்கென எழுதும் காசோலை, கையொப்பம் பொருந்தாமல் திரும்பி வரும். வேலை முடித்த கொத்தனாரோ கூலிக்குக் காத்திருப்பார்.

எனவே மே அல்லது ஜூன் மாத இயக்குநர் கூட்டத்திலேயே, ஜூலை முதல் நாளிலிருந்து இன்னின்னார் கையொப்பமிடுவர் என்று பெயர் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். தீர்மான நகலில் பதவி விலகும் தலைவரும் செயலரும் கையொப்பமிட்டிருத்தல் வேண்டும். புதியவர்கள் ஆதார், பான் அட்டைகளுடனும் புகைப்படத்துடனும் ஜூலை முதல் வாரத்திலேயே கிளைக்கு நேரில் வருக. பயன்படுத்தாத காசோலைத் தாள்கள், சேமக்கணக்குப் புத்தகம், இணைய வங்கிப் பயனர் விவரம், குறுஞ்செய்தி வரும் கைபேசி எண் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, இரு தரப்பும் ஒப்பமிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கைபேசி எண்ணை மாற்றாது விடுவதே மிகுதி. ஓராண்டு கழிந்த பின்னரும் பழைய பொருளாளருக்கே பரிவர்த்தனைச் செய்தி போய்க்கொண்டிருக்கும். இரு கணக்குகளுக்கும் தனித்தனி விண்ணப்பம் வேண்டும் என்பதையும் மறவாதீர்.